காசித்தும்பைத் தோட்டம்

குளக்கரை மைனாவுக்குத் தன் சிநேகிதி ஆமைக்காக ஒரு தோட்டம் போட ஆசை. மழைக்காலம் முழுவதும் விதை கொண்டுவந்து தூவி, காசித்தும்பையை வட்டத்துக்குள் வட்டமாக நெருக்கி வளர்த்தது. மரத்திலிருந்து பார்க்க அவ்வளவு அழகு.

பூத்த அன்று ஆமையை உள்ளே அனுப்பியது. வெயில் ஏறியும் ஆமை வெளியே வரவில்லை. மைனா பயந்துபோய் இறங்கித் தேடியது. ஆமை நடுவில் களைத்துக் கிடந்தது.

"வழி தெரியலையா?"

"எங்க திரும்பினாலும் தண்டுதான் தெரியுது. ரொம்ப அழகா இருக்கும்னு சொன்னியே, அதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

மைனா அதன் பக்கத்தில் தலையைத் தாழ்த்திப் பார்த்தது. பூ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எழுந்து, குளத்துப் பக்கச் செடிகளை ஒவ்வொன்றாக அலகால் ஒடித்துப் போட்டது. முதல் செடியை ஒடிக்கும்போது மனசு வலிக்கத்தான் செய்தது. கடைசிச் செடி சாய்ந்ததும் தண்ணீரும், அதில் மீதிச் செடிகளின் பூக்களுடைய பிம்பமும் பளிச்சென்று தெரிந்தன.

"அட, குளம்! தண்ணிக்குள்ள எத்தனை பூ!" என்றது ஆமை.

மேலே பறந்த கிளி, "ஐயோ, அழகான வட்டத்தை யாரு இப்படிக் கெடுத்தது?" என்று கத்தியது.

"இங்கேயிருந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, மைனா ஆமையோடு குளத்துக்கு நடந்தது.