ரைஸ்மில் நம்பர்

"அண்ணே, கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில் நம்பர் இன்னாண்ணே?"

டீக்கடை முருகையன் இதைக் கேட்பது அன்றைக்கு மூன்றாவது தடவை. பூத்துக்குள் பில் மெஷினுக்குப் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்த எழிலரசிக்குக் காது சூடானது. டீ ஆற்றுகிற மனுஷனுக்கு ரைஸ்மில்லில் என்ன வேலை?

அவள் அப்பா கண்ணாயிரம் கண்ணை மூடினார். பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். விரல் காற்றில் பட்டன் தட்டியது. ஒவ்வொரு எண்ணாகத் தேடி எடுத்து, "மூணு... ஆறு" என்று முடித்தார்.

முருகையன் சட்டைப் பாக்கெட்டில் இருந்த துண்டுச்சீட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். முகமெல்லாம் பல்லாக, "கரெக்ட்டுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரெக்ட்டாவது! அந்த ரைஸ்மில்லே அவள் தாய்மாமன் அப்பாசாமியுடையது. போன வாரம்தான் அவரோடு பேசினாள். முடிகிற எண் எட்டு, ஒன்பது.

செங்கம் ரோட்டில் கண்ணாயிரத்தின் எஸ்.டி.டி. பூத்துக்கு டைரி கிடையாது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் தொடங்கி ஊர் நம்பர் முழுக்க அவர் தலையில் இருந்தது. போன வருஷம் தாடையில் புற்று வந்தது. சென்னையில் முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்ட், வைத்தார்கள். புற்று போனது. கூடவே எச்சில் வற்றியது, நம்பர்கள் தடுமாறின. கரண்ட் மூளை ஓரத்திலும் கொஞ்சம் பட்டிருக்கும், உள்ளே ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் இருக்கிற இணைப்பு தளர்ந்திருக்கிறது, நாளானால் தேறலாம் என்றார் டாக்டர்.

"எக்ஸ்சேஞ்ச் நல்லாத்தான் கீது, லைன்லதான் இரைச்சல்" என்று கண்ணாயிரம் சிரித்தார். ஆனாலும் சித்ரா பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாவிட்டால் பூத்தை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதற்கு இன்னும் மூன்றே வாரம்.

இப்படி இருக்கிற மனுஷனிடம் விளையாட்டா? அதுவும் முருகையன் மட்டுமா? பூக்கடை கன்னியம்மாள், சைக்கிள் கடை மூர்த்தி, எல்லார் கையிலும் சீட்டு. கேட்பது, சீட்டைப் பார்ப்பது, இளிப்பது.

யுனிவர்சிட்டியில் புரொபசரையே மடக்குகிறவள் எழிலரசி. நேரே டீக்கடைக்குப் போனாள்.

"நம்பரைக் கையில வெச்சிக்கினே எதுக்கு சித்தப்பா கேக்கறீங்க? சீக்காளின்னா அவ்ளோ இளக்காரமா? தப்பா சொன்னாரு, அதுக்குப் போயி கரெக்ட்டுன்னு சிரிக்கறீங்களே."

முருகையன் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பதில் இல்லை என்றால் குற்றம் நிரூபணம் என்று அவள் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

அன்று சாயங்காலமே நூற்றிருபது நம்பரைச் சார்ட்டில் எழுதி பூத் கண்ணாடியில் ஒட்டினாள். இனி ஒருவரும் அப்பாவைச் சோதிக்க முடியாது.

ஒருவரும் சோதிக்கவில்லை. வந்தார்கள், சார்ட்டைப் பார்த்தார்கள், பேசினார்கள், போனார்கள். நாலாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த கண்ணாயிரம், பூத்தை விற்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டுப் பாதித் தட்டில் கை கழுவினார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா பச்சையம்மாள் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய வக்கீலு நீ. அந்தச் சீட்டெல்லாம் நான் எழுதிக் குடுத்ததுடி. தலைக்கு வேலை குடுத்துக்கினே இருங்க, அவருக்குத் தெரியாம செய்யுங்கன்னு ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாங்க. கடை கடையா ஏறி கெஞ்சினேன். அவங்க பொழப்பை வுட்டுட்டு வந்து கேட்டாங்க. நீ போயி நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டியாமே."

எழிலரசி நேரே டீக்கடைக்கு ஓடினாள்.

முருகையனிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்று பொங்கிப் போன ரெண்டு லிட்டர் பாலை அவள் கணக்கில்தான் எழுதி வைத்திருப்பதாக அவர் சிரித்தார். பூத்துக்குப் போய்ச் சார்ட்டைக் கிழித்தாள். அப்பா எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, மாமா மில்லு நம்பர் இன்னாப்பா?"

கண்ணாயிரம் தண்ணீர் குடிக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. கடகடவென்று சொல்லி, "எட்டு, ஒன்பது" என்று நிறுத்தினார்.

"அப்போ சித்தப்பாகிட்ட மட்டும் ஏன் மூணு, ஆறு?"

"அது பழைய நம்பரு. மாறி ரெண்டு வருசமாச்சு. மொதல்ல நானும் எட்டு ஒன்பதுன்னுதான் சொன்னேன். சீட்டைப் பாத்தான், மூஞ்சி தொங்கிப்போச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பழைய நம்பரு நம்ம வூட்டு பீரோ கதவுல மட்டும்தான் எழுதிக் கீது. உங்கம்மா வேலைன்னு அப்பவே தெரிஞ்சிப்போச்சு. மத்த நம்பரெல்லாம் நெசமாவே தேடித்தான் எடுக்கறேன். இது ஒண்ணு மட்டும் அவளுக்காக. நாலு நாளா கேக்க ஒரு ஆளு இல்ல. அப்புறம் பூத்து எதுக்குன்னு இருந்துச்சு."

அதற்குள் டீக்கடைப் பக்கமிருந்து முருகையன் கை துடைத்தபடி வந்தார்.

"அண்ணே, கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில் நம்பர் இன்னாண்ணே?"

கண்ணாயிரம் கண்ணை மூடினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். விரல் காற்றில் மெல்லத் தட்டியது.

"...மூணு... ஆறு."

முருகையன் சீட்டை எடுப்பதற்குள், "கரெக்ட்டுப்பா" என்றாள் எழிலரசி.