வாசனையில்லாத வயலெட்

எலியான் பூப்பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது.

முட்டி போட்டபடியே, கையில் புல்லோடு, அசையாமல் இருந்தாள்.

மெல்லிய இனிப்பு. பழைய பவுடர் டப்பாவைத் திறந்ததுபோல. எங்கிருந்து என்று மூக்கைத் திருப்புவதற்குள் போய்விட்டது.

இன்னொரு முறை மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. பிப்ரவரிக் குளிர் மட்டும் உள்ளே போய் வந்தது.

சில வருடங்களுக்கு முன், குளிர்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய மோப்பத்தைக் கொண்டுபோயிருந்தது. அப்போது பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அவள்தான் சமையல். கெட்டுப்போன பாலை ஊற்றிக் குழம்பு வைத்து, பிள்ளைகள் முகம் சுளித்த அன்று, தானாகவே கரண்டியைக் கொடுத்துவிட்டுத் தட்டுக் கழுவப் போனாள்.

திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இல்லாத வாசனையை மூளையே செய்து காட்டும், அதை நம்பிவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

அந்த வருடம் வயலெட் பூத்தபோது, தினமும் காலையில் இதே பாத்தியில் குனிந்தாள். தினமும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவள் கணவன் கஸ்தோன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூ முடிந்ததும் மண்வெட்டியை எடுத்துவந்து மொத்தச் செடியையும் தோண்டிப் போட்டான். மலைப்பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து புதுக் கன்றுகள் கொண்டுவந்தான்.

"இது வேற ரகம். பாக்க அப்படியே இருக்கும், வாசனை மட்டும் கிடையாது. யாரு மோந்தாலும் வராது."

எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவள் அவனிடம் சொன்னதில்லை. இந்தப் பூக்களுக்கு முன்னால் அவளும் ஊரும் ஒன்று.

அதனால்தான் அவற்றை ஆசையாக வளர்த்தாள். மக்கிய இலை உரம் போட்டாள். வெயில் காலத்தில் ஓடும் கொடிகளைக் கிள்ளிவிட்டாள். உறைபனி என்றால் வைக்கோல் மூடினாள்.

பிரான்சின் துலூஸ் நகரத்தில், அதுவும் இந்தத் தெருவில், வயலெட் காலத்தில் வேலியைக் கடக்கிறவர்கள் முதலில் பூவுக்குத்தான் குனிவார்கள். பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கு வணக்கம். எலியானின் வேலியில் மட்டும் யாரும் குனிவதில்லை. தபால்காரர் நின்று பேசுவார், குனியமாட்டார். முதலில் கொஞ்சம் வலித்தது. மணக்காத பூவுக்கு எதற்குக் குனிவார்கள் என்று பிறகு சமாதானம் செய்துகொண்டாள்.

எதிர்வீட்டு ஒதீலுக்கு நரம்பில்லாத நாக்கு. "ஏண்டி, மணக்காத பூவுக்கு இவ்வளவு எருவா? உம்புருசன் காகிதப் பூ வாங்கிக் குத்தி வெச்சிருக்கலாம். தண்ணியாவது மிச்சம்" என்பாள், வருடம் தவறாமல்.

எலியான் மறுபடியும் குனிந்தாள். இல்லை.

மூளை செய்து காட்டியதுதான். வேறென்ன.

எழுந்திருக்கப் போனவள், ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றுவிட்டாள். சின்ன வயதில் அவளும் தம்பியும் அம்மாவின் பாத்தியில் படுத்துக்கொண்டு போட்ட சண்டை ஞாபகம் வந்தது. எனக்கு வந்தது, இப்போது போய்விட்டது, நீதான் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டாய் என்று அவன் அழுவான். வயலெட் அப்படித்தான். ஒரு மூச்சுக்கு வரும், அடுத்த மூச்சில் மூக்கை மரக்க வைத்துவிட்டு மறையும். கொஞ்சம் விலகி இருந்துவிட்டுத் திரும்பினால் மறுபடி வரும்.

நல்ல மூக்கைத்தான் வயலெட் ஏமாற்றும்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வாயால் மூச்சு விட்டாள். சுவரில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. அது ஒரு கல்லைக் கடக்கும்வரை காத்திருந்தாள்.

குனிந்தாள்.

வந்தது.

அடுத்த மூச்சில் போனது. அது போனதற்காக அவள் சிரித்தாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து இலைமேல் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் தோன்றியது. இது வாசனையில்லாத ரகம்.

ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். கஸ்தோன் முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான். எல்லாக் காலையும் போலவே.

வாசனையில்லாத ரகமும் உண்டுதான். அவன் அக்கா வீட்டுக் காட்டில் கொட்டிக் கிடக்கிறது. அதையே நட்டிருக்கலாம்.

அவன் நடவில்லை.

வேலிக்கு அந்தப்பக்கம் ரொட்டிக்கடையிலிருந்து ஒதீல் வந்துகொண்டிருந்தாள்.

"என்னடி, காகிதப் பூவுக்குக் காலங்காத்தாலேயே பூசையா?"

எலியான் கை நிறையப் பூப் பறித்து, சுற்றிலும் அதன் இலைகளையே வைத்து, புல்லால் கட்டி, வேலிக்கு மேல் நீட்டினாள். ஒதீல் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கினாள்.

வாங்கிய கை தானாகவே மூக்குக்குப் போனது. பாதி வழியில் நின்றது. அவசரமாகக் கீழே இறங்கி, ரொட்டிப் பக்கமாக ஒளிந்துகொண்டது.

"நிறம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஒதீல், தெருக்கோடியைப் பார்த்தபடி.

எலியான் அந்தக் கையைப் பார்த்தாள். தபால்காரர், ரொட்டிக்கடைக்காரி, ஞாயிற்றுக்கிழமை நடை போகிறவர்கள். அவளுக்காகவே இத்தனை வருடம் ஒருத்தர்கூடக் குனிந்ததில்லை.

வேலியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"மோந்து பாரு ஒதீல்" என்றாள். "இனிமே மோந்து பாக்கலாம்."