குளத்தைச் சுமந்தவள்

எழுதுவதற்கென்றே நானும் என் சிநேகிதி குணவதியும் கடல் தாண்டி, பனி விழும் தேசத்தில் ஓர் ஏரிக்கரை வீட்டுக்குப் போயிருந்தோம். வாயால் சொல்லிப் பார்க்காமல் எனக்குக் கதை எழுத வராது, கண்ணுகளா. சமைத்துக்கொண்டே சொன்னேன்: ஊரார் தண்ணீர் எடுக்க விடாததால், குளத்தையே பாய்போலச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்த ஒருத்தியின் கதை. குணவதி ஒவ்வொரு வரிக்கும் "ம்" கொட்டினாள். குழம்பு பொங்கியதால் பாதியில் நிறுத்தினேன். மறுநாள், "நான் எழுதினது" என்று வாசித்துக் காட்டினாள். அதே ஒருத்தி, அதே நடை. குளத்தை ஏரியாக்கியிருந்தாள், அவ்வளவுதான்.

"அடிப்பாவி, இது என் கதைடி!"

"காத்துல சொன்னது யாருக்கு வேணா சொந்தம்க்கா. நீங்க எழுதலையே?"

"என் சோத்தைத் தின்னவ அடுப்பையும் தூக்கிட்டுப் போவியா?"

"கோவிச்சுக்காதீங்க. கடைசியில அவ அதை எங்க இறக்கி வெச்சா? அது மட்டும் எனக்குத் தெரியல."

உதட்டை இறுக மூடிக்கொண்டேன். கணினியில் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, அவள் மெதுவாக "ம்" என்றாள். என் வாய் திறந்துகொண்டது.