இருபத்தாறு அங்குலக் குழல்

"பழைய துவக்கை வித்துப்போட்டன் மாமா. புதுசு ஒண்டு செய்விக்கப் போறன்."

இலங்கையிலிருந்து வந்திருந்த மாமனார் துவக்கைக் காட்டச் சொன்னபோது சச்சிதானந்தன் சொன்ன இந்தப் பொய், 1974இல் ஒரு சனிக்கிழமை காலை அவனை மெல்பேணில் ஒரு துப்பாக்கிக் கடைக்கே கொண்டுவந்து நிறுத்தியது. தன் வேட்டைகளைப் பற்றி மாமாவுக்கு அவன் எழுதிய கடிதங்கள் எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்களைப் பார்த்து எழுதியவை. பக்கத்தில் நின்ற மாமா இரத்தினசிங்கமோ வவுனியாவில் பேர்போன வேட்டைக்காரர்.

"குழல் எத்தனை அங்குலம் வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்டார். "இருபத்திரண்டா, இருபத்தாறா?"

சச்சிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பிழையாகச் சொன்னால் மாமா கண்டுபிடித்துவிடுவார். பெண் கொடுத்ததற்கே வருந்துவார்.

"நீங்களே சொல்லுங்கோ மாமா."

"இருபத்தாறு!" என்றார் மாமா உடனே. "நீளக் குழல்தான் தூரத்துக்கு அடிக்கும். முழங்கால் ஆழ உறைபனியிலை நான் கரடியைத் துரத்திக்கொண்டு போகேக்கை..."

"வவுனியாவிலை உறைபனியோ மாமா?"

மாமா கூரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீரும் அந்த ரஷ்ய நாவலை வாசிச்சனீரோ?"

"ஓம் மாமா. அதைப் பாத்துத்தான் உங்களுக்கு எழுதினனான்."

மாமா அவன் காதருகே குனிந்தார்.

"என்ரை புத்தகத்திலை கடைசிப் பக்கங்கள் கிழிஞ்சு போச்சுது தம்பி. கரடி செத்ததோ?"