சத்தம் போடாத ஸ்டேக்கர்

"ரோசலின், அந்தச் சனியன மேசையில போட்டு இடிக்கிறத கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா?"

சூப்பர்வைசர் ராமச்சந்திரன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"முடி நேரா நிக்கணுமே சேர்" என்றாள் ரோசலின். டக், டக், டக்! மேசையிலிருந்த நூல்கட்டைகள் துள்ளி விழுந்தன.

ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் ஸ்டோர்தான் அந்தப் பட்டறை. வெளிநாட்டுக்காரர்கள் மீன் பிடிப்பதற்கான போலி ஈக்களைத் தோட்டத்துப் பெண்கள் அங்கே கட்டுகிறார்கள். மான் முடியில் ஒரு சிட்டிகை எடுத்து, விரல் அளவு குழாய்க்குள் தலைகீழாகப் போட்டு, மேசையில் தட்ட வேண்டும். நுனியெல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அதைத் தூண்டில் முள்ளில் வைத்துக் கட்டினால் ஈக்கு இறக்கை. அந்தக் குழாய்க்குப் பெயர் ஸ்டேக்கர்.

பழைய ஸ்டேக்கர்கள் தேய்ந்துவிட்டன. கொழும்பு ஒபிசிலிருந்து மூன்று மாதிரிகளை அனுப்பி, நல்லதாகப் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள் என்றுவிட்டார்கள்.

ஒன்று அலுமினியம். ஃபேன் காற்றுக்கே உருண்டு ஓடியது.

இன்னொன்று கனத்த பித்தளை. தட்டினால் பெல்மதுளை டவுன் வரைக்கும் கேட்கும்.

மூன்றாவதுக்கு அடியில் ரப்பர். தட்டினால் பூனை நடந்தது போலிருந்தது.

பக்கத்து மேசை நஸ்லின் ரப்பர் ஸ்டேக்கரில் தட்டி எடுத்துக் காட்டினாள். முடி நுனி கத்தரித்து வைத்தது மாதிரி நின்றது.

"அனே, இதுதான் சேர்! தலவலி மிச்சம்."

எல்லோரும் தலையாட்டினார்கள், ரோசலினைத் தவிர.

"இல்ல சேர். பித்தளைதான் வேணும்."

"ஏன்?"

"சத்தம் கேட்டாத்தான் முடி பயந்து ஒழுங்கா நிக்கும்."

"செத்துப்போன மானோட முடிங்க அது!"

"அப்ப... ரப்பரு சூட்டுக்கு உருகிரும் சேர்."

"ஈ கட்டுறீங்களா, தோச சுடுறீங்களா?"

"பித்தளைன்னா ஒரு ராசி இருக்கு சேர்."

"நீங்க சேர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. ஒங்களுக்கு எதுக்குங்க ராசி?"

பட்டறையே சிரித்தது. ரோசலின் மட்டும் சிரிக்கவில்லை.

ராமச்சந்திரனுக்கு இது புது எரிச்சல் இல்லை. அவர் தூரத்தில் இருக்கும்போது இந்தப் பொம்பிளை பூப்போலத்தான் தட்டுவாள். அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஈயைக் குனிந்து பார்த்தால் போதும், தப்படிக்கிற மாதிரி இடிக்கத் தொடங்கிவிடுவாள்.

"ஒங்க மேல என்ன கோவமோ தெரியல சேர்" என்று நஸ்லினே ஒருநாள் சொல்லியிருந்தாள்.

கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. கொழுப்பு என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

"நீங்க ஒருத்தி சொல்றதுக்காக எல்லாரும் செவிடாகணுமா? ரப்பர்தான் வரும். அதுக்கப்புறம் யாராவது பித்தளையத் தொட்டீங்க, நேரா பெக்கிங்தான்."

ரோசலினின் முகம் வாடிவிட்டது. பட்டறையிலேயே கை தேர்ந்த கட்டுக்காரி அவள். பெக்கிங் என்றால் புதிதாக வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பெட்டி ஒட்ட வேண்டும்.



ரப்பர் ஸ்டேக்கர்கள் வந்து சேர்ந்தன. முதல் நாள் காலை பட்டறை தேவாலயம் மாதிரி அமைதியாக இருந்தது. வெளியே மழைகூட விட்டிருந்தது.

ராமச்சந்திரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெருமையாக வலம் வந்தார். காலையில் சாப்பிட்ட கடலையும் பலாக்காய்க் கறியும் வயிற்றில் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தன. ரோசலினின் மேசைக்கு வந்தார். கண்ணாடியை மாட்டினார். ஈயைப் பார்க்கக் குனிந்தார்.

அப்போதுதான் அது வந்தது.

சத்தமாக. நீளமாக. கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டது மாதிரி.

ஒரு நொடி எல்லாக் கைகளும் நின்றன. நஸ்லின் "ப்பூ" என்று வாயைப் பொத்தியதில் அவள் முன்னாலிருந்த மான் முடியெல்லாம் பறந்தது. ராமச்சந்திரன் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தால் முகத்தைக் காட்ட வேண்டுமே!

டக்! டக்! டக்!

ரோசலின் மேசை லாச்சிக்குள் ஒளித்து வைத்திருந்த மாதிரிப் பித்தளையை எடுத்து இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்கடி பாக்குறீங்க? நான்தான் பெஞ்ச இழுத்தேன். பெஞ்சு இழுத்தா சத்தம் வராதா? வேலையப் பாருங்க!"

"பெஞ்சா அக்கா?" என்றாள் நஸ்லின்.

"பெஞ்சுதான்! அதுக்கு எண்ண போடணும்."

ராமச்சந்திரன் மெல்ல நிமிர்ந்தார். இத்தனை வருஷமாகத் தன்னுடையது சத்தமே போடாத சாதி என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

"ரோசலின்... ரப்பரத் திருப்பி அனுப்பிருவோம். எல்லாருக்கும் பித்தளையே எடுப்போம்."

"சரிங்க சேர்."

அவர் இன்னும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"எத்தன வருஷமா ஒங்களுக்குத் தெரியும்?"

ரோசலின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுங்க சேர்?"