தகரக் கொட்டகைக்கு வந்த மின்விசிறி

வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் அந்தத் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். அதிகாரி சோதனைக்கு வரும் நாளில் மட்டும் மேனேஜர் அறையிலிருந்து ஒரு மின்விசிறி அங்கே வரும். அவர் போனதும் அதுவும் போய்விடும்.

இந்த முறை, மதிய வெக்கையில் துவண்டு படுத்திருந்தவர்களைப் பார்த்து விசிறிக்கு மனசு கேட்கவில்லை.

"நான் இங்கேயே இருந்துடட்டுமா?" என்றது.

"போன தடவை வந்த மருந்துப் பெட்டியும் இப்படித்தான் சொல்லிச்சு, மாப்பிள்ளை. சாயங்காலமே திரும்பிப் போயிடுச்சு" என்றது கூரைப் பல்லி.

"அப்போ நான் என்ன செய்யணும்?"

"அழகா நின்னா போதுமா? உன் வாலை எங்கே ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு பாரு."

விசிறியின் வயரை ஒரு மூட்டைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தார்கள். அதிகாரி உள்ளே நுழைந்ததும் விசிறி அதை மெல்ல நழுவ விட்டது. வயர் அதிகாரியின் காலில் தட்டியது. அவர் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு சுவரையும் சுற்றி வந்தார். அதைச் செருக எங்கும் இடமில்லை.

"இது எப்படிங்க சுத்தும்?" என்று மேனேஜரிடம் கேட்டார்.

அதிகாரியின் உத்தரவால் மறுவாரம் கொட்டகைச் சுவரில் பிளக் பாயிண்ட் வந்தது; விசிறியும் அங்கேயே தங்கிவிட்டது. தபன் என்ற தொழிலாளி விசிறியின் பின்பக்கக் குமிழை அழுத்தினான். மேனேஜர் முகத்தை மட்டுமே பார்த்து நின்று பழகிய விசிறி, முதன்முறையாகக் கழுத்தைத் திருப்பியது.

"மெதுவா, மாப்பிள்ளை, சுளுக்கிக்கப் போகுது" என்றது பல்லி.

விசிறி அதைக் காதில் வாங்காமல் ஒவ்வொரு முகமாகத் தேடிப் போனது.