ஓடைப் பக்கம் வேண்டாம் சார்

"மூணு நாளா காடு மேடெல்லாம் நடக்க விட்டார் உங்க கைடு. நீலக்குருவியோட வாலைக்கூடக் காட்டலை!"

காட்டு விடுதியின் வரவேற்பறையில் விருந்தாளி எகிறிக் குதித்தார். முழங்கை நீளத்துக்கு அவர் வாங்கி வந்த லென்சுக்கு இதுவரை சிக்கியதெல்லாம் மைனாவும் மரங்கொத்தியும்தான்.

முதலாளிக்கு மானம் போனது. விடுதி விளம்பரம் முழுக்க அந்தக் குருவிதான். கைடை எல்லார் எதிரிலும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏன்யா, பதினோரு வருஷமா இங்கே குப்பை கொட்டறே. ஒரு குருவியைக் காட்டத் துப்பில்லையா?"

"ஓடைப் பக்கம் இப்ப வேண்டாம் சார். பத்து நாள் பொறுத்தா நானே காட்டறேன்."

"பத்து நாள் கழிச்சு நான் ஆபீஸ்ல இருப்பேன்!" என்றார் விருந்தாளி.

"செல்போன்ல அதோட குரலைப் போட்டா தானா வரப்போகுது. அதுகூடத் தெரியாதா?" என்றார் முதலாளி.

"தெரியும் சார். போட மாட்டேன்."

"அப்போ வேலைக்கும் வராதே!"

கைடு கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் முதலாளியே விருந்தாளியை ஓடைக்கு அழைத்துப்போனார். செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் குரலை ஒலிக்கவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புதருக்குள்ளிருந்து நீலக்குருவிகள் இரண்டு சீறிக்கொண்டு வந்தன.

"ஆஹா, ஜோடி சார், ஜோடி!" விருந்தாளிக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலாளி திரும்பி வந்தபோது, கைடு தன் துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா? ஜோடியா வரவழைச்சேன். பத்து நிமிஷம் எங்க தலைக்கு மேலயே சுத்திச்சு!"

கைடின் முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டுமா சார்?"

பையைப் போட்டுவிட்டு ஓடினார். ஒன்றும் புரியாமல் முதலாளியும் பின்னால் ஓடினார்.

ஓடைக்கரையில் கொடிகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு கூடு. உள்ளே ஒன்றுமில்லை. மேல் கிளையில் ஒரு காகம் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"குஞ்சு பொரிச்சு நாலு நாள்தான் சார் ஆச்சு. குரலைக் கேட்டதும் வேற குருவி இடம் பிடிக்க வந்துடுச்சுன்னு, ரெண்டும் கூட்டை விட்டுட்டுச் சண்டைக்கு வந்திருக்கு."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாய்க்குருவி புழுவோடு வந்து கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. உள்ளே பார்த்தது. பறந்துபோய், திரும்ப வந்து பார்த்தது. முதலாளியால் அதைப் பார்க்க முடியவில்லை. கைடின் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"இங்கே கூடு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாய்யா? இந்தப் பக்கம் ஒரு ஆளை விட்டிருப்பேனா?"

"போன வருஷம் சொன்னேனே சார். மறுநாளே கூட்டுக்கு எதிர்ல ஆறு நாற்காலி போட்டீங்க."